எங்கே நிற்கும் இந்தக் குண்டு, தெரியுமா?

போர்க்களத்தில் எதிரிமேல் சுடக் கூடாது என்று 1899-லேயே நாடுகள் கூடித் தடை போட்ட ஒரு ரகக் குண்டு, இன்றைக்கு அமெரிக்காவில் சாதாரணக் குடும்பஸ்தரின் படுக்கையறையில் இருக்கிறது, தெரியுமா? கள்ளச்சந்தைச் சரக்கு இல்லை! கடையில் அடுக்கிவைத்து, பெட்டிக்கு இருபது தோட்டா என்று விலை போட்டு, ரசீதோடு விற்கிறார்கள். நள்ளிரவில் எவனாவது கதவை உடைத்து வந்தால் சுடுவதற்கு அதுதான் சரி என்று போலீஸ்காரரும் சொல்கிறார், துப்பாக்கிப் பயிற்சியாளரும் சொல்கிறார். சிப்பாய் சுட்டால் விதிமீறல், வீட்டுக்காரர் சுட்டால் விவேகம்! இது எப்படி?

குண்டின் மூக்கைப் பார்த்தால் புரிந்துவிடும். சாதாரணக் குண்டின் மூக்கு வழவழவென்று உருண்டிருக்கும். உள்ளே ஈயம், மேலே செம்பு உறை முழுசாகப் போர்த்தியிருக்கும். வீட்டுப் பாதுகாப்புக்கு விற்கும் 'ஹாலோ பாயின்ட்' ரகத்தின் மூக்கில் ஒரு குழி. குழியைச் சுற்றி உறையில் சன்னமான வெட்டுக்கோடுகள். ஈரமான சதையில் பட்ட மறுகணம் குழிக்குள் ஈரம் புகுந்து நாலா பக்கமும் நெருக்கும். வெட்டுக்கோடுகளில் உறை பிளந்து இதழ் இதழாகப் பின்னால் மடியும். 9 மி.மீ. விட்டமுள்ள குண்டு 14, 15 மி.மீ. வரை விரிந்துவிடும். விரிந்த குண்டுக்கு வேகம் செத்துவிடும். வேகம் செத்த குண்டு சுடப்பட்டவன் உடம்பிலேயே நின்றுவிடும். அவனைத் தாண்டிப் பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையிடம் போகாது. வீட்டுக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பது என்றால் எது அதிகம் துளைக்கும் என்று பார்ப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு: இது எங்கே நிற்கும்?

அந்த 1899 தடைக்கு விதை போட்ட இடம் நம் நாட்டில் இருக்கிறது என்பது தெரியுமா? கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம் டம்தான் அது! அங்கே பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. 1895-ல் வடமேற்கு எல்லையில் நடந்த சித்ரால் படையெடுப்பில் புதிய .303 ரைஃபிள் குண்டுகள் எல்லைப்புற வீரர்களைச் சுத்தமாகத் துளைத்துக்கொண்டு போயின, ஆனால் வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள் என்று சிப்பாய்கள் புகார் சொன்னார்கள். டம் டம் தொழிற்சாலையின் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே என்ன செய்தார்? குண்டின் நுனியில் மட்டும் உறையை நீக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டார். பட்டதும் நுனி நசுங்கி விரிந்தது. ஊர்ப் பெயரே குண்டுக்குப் பெயராகி, 'டம்டம் தோட்டா' உலகம் முழுக்கப் பரவியது. நான்கே ஆண்டில் ஹேக் நகர மாநாட்டில் விரியும் குண்டுகளுக்குத் தடை வந்தது. எதிர்த்துப் பேசியவர்கள் பிரிட்டனும் அமெரிக்காவும். பிரிட்டன் 1907-ல் இறங்கிவந்து ஏற்றது. அமெரிக்கா இன்றுவரை அந்தப் பிரகடனத்தில் சேரவே இல்லை! அமெரிக்க ராணுவம் இப்போது பயன்படுத்தும் எம்17 பிஸ்டலுக்கென்று எம்1153 என்ற ஹாலோ பாயின்ட் தோட்டாவே இருக்கிறது.

எப்படி இருந்தாலும் அந்தத் தடை நாடுகளுக்கு இடையிலான போருக்குத்தான். ஊருக்குள் சுடும் போலீஸுக்கு அது பொருந்தாது. போர்க்களத்தில் எதிரிக்குப் பின்னால் இருப்பவனும் எதிரி. நியூயார்க் தெருவில் திருடனுக்குப் பின்னால் இருப்பவர் கடலை விற்பவராக இருக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கலாம். நியூயார்க் போலீஸ் 1998-ல் முழு உறைக் குண்டுகளைக் கைவிட்டு ஹாலோ பாயின்டுக்கு மாறியதற்குச் சொன்ன காரணம் அதுவே: ஆளைத் துளைத்துப் போகும் குண்டு வழியில் நிற்பவரைக் காயப்படுத்துகிறது. வீட்டுக்குள் இந்த நியாயம் இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அங்கே 'வழியில் நிற்பவர்' எல்லாருமே சொந்தம்.

சரி, சீக்கிரம் நின்றால் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா? அதற்கும் ஒரு ரத்தக் கணக்கு இருக்கிறது. 1986 ஏப்ரல் 11. மயாமி நகரின் தென்புறப் புறநகர். வங்கிக் கொள்ளையர் இருவரின் காரை எஃப்.பி.ஐ. ஏஜென்டுகள் எட்டுப் பேர் மறிக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கும் குறைவான சண்டை. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். சண்டை தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஏஜென்ட் ஒருவர் சுட்ட 9 மி.மீ. ஹாலோ பாயின்ட் குண்டு கொள்ளையரில் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்தது. மிகச் சரியாக விரிந்தது. மிகச் சரியாக நின்றது, இதயத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்னால்! அடிபட்டவன் விழவில்லை. அதற்குப் பிறகும் நிமிடக்கணக்கில் ரைஃபிளால் சுட்டுக்கொண்டிருந்தான். பெஞ்சமின் குரோகன், ஜெர்ரி டவ் என்ற இரண்டு ஏஜென்டுகள் இறந்தார்கள். ஐந்து பேர் காயம்பட்டார்கள். கொள்ளையர் இருவரும் கடைசியில் கொல்லப்பட்டார்கள். தயாரித்தவர்கள் சொன்ன வேலையை அந்தக் குண்டு அட்சரம் பிசகாமல் செய்தது. ஓர் அங்குலம்தான் போதவில்லை.

அந்த ஓர் அங்குலம் அமெரிக்காவின் தோட்டாத் தொழிலையே புரட்டிப்போட்டது. 1987-ல் தன் பயிற்சித் தளமான குவாண்டிகோவில் காய மருத்துவர்களையும் குண்டு நிபுணர்களையும் கூட்டி எஃப்.பி.ஐ. ஆலோசித்தது. அதிலிருந்து பிறந்த அளவுகோல்தான் இன்றும் ஒவ்வொரு தோட்டாப் பெட்டியின் பின்னாலும் ஒளிந்திருக்கிறது: ஜெலட்டினில் குறைந்தது 12 அங்குலம், அதிகம் போனால் 18 அங்குலம். அதாவது 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 45 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. மனிதன் மார்பு அவ்வளவு ஆழமா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் எதிரே நிற்பவன் சினிமாவில் போல மார்பை விரித்துக்கொண்டு நிற்க மாட்டானே! கை குறுக்கே வரும், உடம்பு சாய்ந்திருக்கும், தடித்த கோட்டு போட்டிருப்பான். மயாமியில் குறுக்கே வந்தது ஒரு கை.

அந்த ஜெலட்டின் சோதனையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாமா? பன்றித் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் பொடியை, எடைக்குப் பத்து சதவீதம் என்ற கணக்கில் தண்ணீரில் கரைத்து அச்சில் ஊற்றுகிறார்கள். 4 டிகிரி செல்சியஸ் குளிரில் நாள் கணக்கில் வைத்து இறுக விடுகிறார்கள். கட்டி வெளியே வந்ததும் நேரே தோட்டா சுடுவது கிடையாது. முதலில் சிறுவர்களின் காற்றுத் துப்பாக்கியில் போடும் சின்ன இரும்புக் குண்டுமணியை நொடிக்கு 180 மீட்டர் வேகத்தில் சுடுகிறார்கள். அது சுமார் 8.5 செ.மீ. ஆழம் போய் நின்றால்தான் கட்டி பக்குவம்! கூடினாலோ குறைந்தாலோ அந்தக் கட்டி செல்லாது. பிறகுதான் 3 மீட்டர் தூரத்திலிருந்து உண்மைத் தோட்டா. வெறும் ஜெலட்டினில் ஒரு முறை. மேலே பனியன், சட்டை, கம்பளி போன்ற துணி, ஜீன்ஸ் துணி என்று நான்கு அடுக்குப் போர்த்தி ஒரு முறை. நடுவில் தகரம் வைத்து, ஜிப்சம் பலகை வைத்து, பிளைவுட் வைத்து, கார்க் கண்ணாடியைச் சாய்த்துவைத்து மறுபடி மறுபடி. விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கட்டியைப் பார்த்தால் குண்டு போன தடம் புகைக்கோடு மாதிரி தெரியும். கடைசியில் இதழ் விரித்த செம்பு. இந்த முறையை ராணுவ அறுவைச் சிகிச்சை நிபுணர் மார்ட்டின் ஃபேக்லர் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த லெட்டர்மேன் ராணுவ ஆய்வுக்கூடத்தில் செதுக்கிச் செதுக்கி நிலைநிறுத்தினார். வியட்நாம் போரில் குண்டுக் காயங்களுக்குச் சிகிச்சை செய்த கை அது.

நான்கு அடுக்குத் துணி எதற்கு? இதில்தான் வேடிக்கை! குழியுள்ள குண்டு துணியைத் துளைக்கும்போது துணுக்குத் துணியைக் குழிக்குள் அடைத்துக்கொள்கிறது. குழி அடைபட்டால் ஈரம் புகாது. ஈரம் புகாவிட்டால் இதழ் விரியாது. விலை உயர்ந்த ஹாலோ பாயின்ட், ஒரு குளிர்காலக் கோட்டின் முன்னால் சாதாரண உருண்டைக் குண்டாகிவிடும். இதைச் சமாளிக்க நெப்ராஸ்காவின் ஹார்னடி கம்பெனி குழியை ரப்பர் போன்ற சிவப்புப் பொருளால் முன்கூட்டியே அடைத்துவிட்டது. துணி நுழைய இடமில்லை. சதையில் பட்டதும் அந்த அடைப்பே பின்னால் தள்ளப்பட்டு இதழ்களைப் பிளக்கிறது.

எஃப்.பி.ஐ.யின் கதை அதோடு முடியவில்லை. மயாமிக்குப் பிறகு பெரிய குண்டு வேண்டும் என்று 10 மி.மீ. துப்பாக்கிக்குப் போனார்கள். உதைப்பு தாங்கவில்லை. அதைக் கொஞ்சம் சுருக்கி ஸ்மித் அண்ட் வெஸனும் வின்செஸ்டரும் 1990-ல் கொண்டுவந்த .40 தோட்டா நாடு முழுக்கப் போலீஸ் இடுப்பில் ஏறியது. பெரிய குண்டு பெரிய மனிதன் என்று கால் நூற்றாண்டு ஓடியது. 2014-ல் அதே குவாண்டிகோ என்ன சொன்னது தெரியுமா? பேசாமல் 9 மி.மீ.க்கே திரும்புங்கள்! குண்டுத் தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது. நல்ல ஹாலோ பாயின்ட் இருந்தால் 9 மி.மீ., .40, .45 மூன்றும் காயத்தில் ஏறக்குறைய ஒன்றுதான்; உதைப்பு குறைந்தால் குறி தவறுவது குறையும். அந்த அறிக்கையில் இன்னொரு வரியும் உண்டு. நிஜத் துப்பாக்கிச் சண்டையில் பயிற்சி பெற்ற காவலர்கள் சுடும் குண்டுகளிலேயே 70 முதல் 80 சதவீதம் குறி தவறுகின்றன. பத்துக்கு ஏழோ எட்டோ! பயிற்சி பெற்றவர்களுக்கே இந்தக் கதி என்றால், தூக்கத்தில் எழுந்து கண்ணாடி தேடும் வீட்டுக்காரருக்கு?

குறி தவறிய குண்டு சுவரில் போய்த்தானே நிற்கும் என்று நம் ஊர்க்காரர் நினைப்பார். நமக்குச் சுவர் என்றால் ஒன்பது அங்குலச் செங்கல். அமெரிக்க வீட்டின் உள்சுவர் என்ன தெரியுமா? மரச்சட்டங்களுக்கு இந்தப் பக்கம் அரை அங்குல ஜிப்சம் பலகை, அந்தப் பக்கம் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் பெரும்பாலும் காற்று. எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் அதில் நிற்காது. ஒரு சுவரைத் தாண்டும், அடுத்ததைத் தாண்டும், மூன்றாவதையும் பார்க்கும். போகிற போக்கில் ஹாலோ பாயின்டின் குழியை ஜிப்சம் தூள் அடைத்துவிடுவதால், ஆள் மேல் விரியும் அதே குண்டு சுவர் வழியே உருண்டைக் குண்டு போலப் பாய்கிறது. இத்தனை பாடுபட்டுச் செய்த 'நிற்கும் குண்டு', குறி தவறினால் நிற்காது! பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட வேண்டிய விஷயம் இது. இதற்கு மாற்றாக 1970-களில் கிளேசர் என்ற ரகம் வந்தது: உறைக்குள் முழு ஈயத்துக்குப் பதில் சின்னச் சின்னச் சன்னங்கள். பட்டதும் சிதறிவிடும். சிதறிவிடுவதால் ஆழமும் போகாது. மயாமியின் ஓர் அங்குலம் நினைவிருக்கிறதல்லவா? அதனால் பெரும்பாலான பயிற்சியாளர்கள் அதைத் தொடுவதில்லை.

சினிமாவில் குண்டு பட்டவன் பத்தடி பின்னால் பறந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுகிறானே, அது சுத்தப் பொய் என்று தெரியுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்கர்கள் குண்டின் எடையைக் 'கிரெய்ன்' என்ற பழைய அளவில் சொல்வார்கள். 9 மி.மீ.யில் பேர்போன 124 கிரெய்ன் குண்டின் எடை 8 கிராம், நம் வீட்டுக் கணக்கில் ஒரு பவுன்! அது நொடிக்கு 350 மீட்டர் வேகத்தில் வந்து எழுபது கிலோ ஆளுக்குள் நின்றுவிட்டால், அவரை நொடிக்கு 4 செ.மீ. வேகத்தில்தான் தள்ள முடியும். நத்தையை விட வேகம், அவ்வளவுதான். சுட்டவன் பறக்கவில்லை என்றால் சுடப்பட்டவனும் பறக்க முடியாது. நியூட்டன் விதி இரண்டு பக்கமும் ஒன்றுதான். 'நிறுத்தும் சக்தி' என்று கடைகளில் வாய் ஓயாமல் பேசுவது பெரும்பாலும் இந்தச் சினிமாவிலிருந்து வந்த பேச்சு.

அந்தப் பேச்சுக்கு ஒரு பழைய தாத்தாவும் உண்டு. பிலிப்பைன்ஸில் தங்களை எதிர்த்துப் போரிட்ட மோரோ வீரர்களை .38 ரிவால்வரால் நிறுத்த முடியவில்லை என்று அமெரிக்க அதிகாரிகள் புலம்ப, 1904-ல் ஜான் தாம்சன் என்ற ராணுவ அதிகாரியும் லூயி லகார்ட் என்ற ராணுவ மருத்துவரும் சிகாகோ கால்நடைக் கொட்டிலுக்குப் போனார்கள். உயிருள்ள மாடுகள் மேலும், மனிதச் சடலங்கள் மேலும் வெவ்வேறு குண்டுகளைச் சுட்டுப் பார்த்து, .45க்குக் குறையக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். இன்றைய கண்ணுக்கு அது அறிவியலே இல்லை. அருவருப்பாகக் கூட இருக்கிறது. ஆனால் அந்த எண்ணிலிருந்து ஜான் பிரவுனிங்கின் .45 தோட்டாவும் புகழ்பெற்ற 1911 பிஸ்டலும் வந்தன. '.45தான் ஆம்பளைத் துப்பாக்கி' என்ற வீறாப்பு நூறாண்டு தாண்டியும் ஓயவில்லை. இந்தத் தாம்சன்தான் பின்னாளில் சிகாகோ தாதாக்கள் கையில் பிரபலமான டாமி கன் யந்திரத் துப்பாக்கியின் தந்தை!

.38 என்று எழுதியிருக்கும் தோட்டாவின் குண்டு .38 அங்குலம் கிடையாது, தெரியுமா? .357 அங்குலம்தான்! .357 மேக்னம் குண்டுக்கும் அதே விட்டம். அதனால் .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவைத் தாராளமாகப் போடலாம். மாற்றிப் போட முடியாது. போடக் கூடாது என்பதற்காகவே 1935-ல் மேக்னம் தோட்டாவின் பித்தளைக் கூட்டை 3 மி.மீ. சொச்சம் நீளமாகச் செய்தார்கள். அமெரிக்க வீடுகளில் தாத்தா விட்டுப்போன ரிவால்வருக்குத் தோட்டா வாங்கப் போகும் பேரன்கள் குழாயில் பொறித்திருப்பதை வாசித்து, பெட்டியில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

'பிளஸ் பி' என்று பெட்டியில் போட்டிருந்தால் என்ன? அழுத்தம் கூடிய தோட்டா என்று அர்த்தம். 9 மி.மீ.க்கு அமெரிக்கத் தொழில் சங்கம் வைத்த உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. பிளஸ் பி என்றால் 38,500. பழைய துப்பாக்கிகள் பலவற்றுக்கு இது ஆகாது. கிடைக்கும் கூடுதல் வேகமோ கொஞ்சம். உதைப்பும் வெளிச்சமும் சத்தமும் நிறைய. சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது: 140 டெசிபல் ஒரே ஒரு முறை கேட்டாலே காது நிரந்தரமாகக் கெடலாம். 9 மி.மீ. சத்தம் 160ஐ ஒட்டி வரும், அதுவும் மூடிய அறைக்குள்! 147 கிரெய்ன் கனமான குண்டு ஒலியின் வேகத்துக்குக் கீழேயே போவதால் காற்றைக் கிழிக்கும் அந்தச் சடார் மட்டும் இருக்காது. குழாய் வாயின் வெடிச்சத்தம் அப்படியே இருக்கும். காதுக்காக இதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

இதைவிட முக்கியமானது, அந்தத் தோட்டா அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதா என்பது. பழைய பிஸ்டல்கள் உருண்டை மூக்குக் குண்டை மனத்தில் வைத்துச் செய்தவை. குழி மூக்கு ஏறும் வழியில் இடறி நின்றுவிடும். குட்டைக் குழாய் ரிவால்வரில் குண்டுக்கு விரியும் அளவு வேகமே கிடைக்காமல் போகலாம். அதற்கென்றே தனி ரகம் செய்கிறார்கள். விலை அதிகம் என்று பாதுகாப்புத் தோட்டாவை ஒரு பெட்டிகூடச் சுட்டுப் பார்க்காமல் இழுப்பறையில் வைப்பவர்கள் ஏராளம். இன்னொன்று யாரும் கவனிக்காதது: தினமும் காலையில் தோட்டாவை வெளியே எடுத்து, ராத்திரி அதே தோட்டாவை மறுபடி ஏற்றினால், இடித்து இடித்துக் குண்டு கூட்டுக்குள் இறங்கிவிடும். உள்ளே இடம் சுருங்கினால் வெடிக்கும்போது அழுத்தம் எகிறும், துப்பாக்கியே உடையலாம். புதுத் தோட்டாவைப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்தாலே தெரிந்துவிடும். குட்டையானதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

தோட்டாவுக்குள் இருக்கும் தீப்பொறியைக் கண்டுபிடித்தது ஒரு பாதிரியார் என்பது தெரியுமா? ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் ஃபோர்சைத். வாத்து வேட்டைக்குப் போனால், பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் எழும் புகையைப் பார்த்தே பறவைகள் தப்பித்துவிடுகின்றன. எரிச்சலில் அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைப் புகுத்தி 1807-ல் காப்புரிமை வாங்கினார். புகையில்லா வெடிமருந்து 1884-ல் பிரான்ஸில் பால் வியேய் செய்தது. அதன் பிரிட்டிஷ் வாரிசான கார்டைட், நீலகிரி மலை ரயில் போகும் பாதையில் அருவங்காட்டுத் தொழிற்சாலைக்கே பெயராக இன்றும் நிற்கிறது! நம் நாட்டில் 9 மி.மீ. பிஸ்டல் தனிநபருக்குத் தடை செய்யப்பட்ட ரகம் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கச் சந்தையின் கூத்துகள் தனி. 'பிளாக் டேலன்', கருப்பு நகம் என்ற பெயரோடு வின்செஸ்டர் 1991-ல் ஒரு ஹாலோ பாயின்ட் விட்டது. பெயரும் கருப்பு நிறமும் போதும். தொலைக்காட்சிகள் பேயாய் வர்ணித்தன. 1993-ல் சான் பிரான்சிஸ்கோ அலுவலகப் படுகொலையில் அது பயன்பட்டதும், செனட்டர் மொய்னிஹன் அதற்கு 10,000 சதவீத வரி போட வேண்டும் என்றார்! கம்பெனி பொதுச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. பிறகு ஏறக்குறைய அதே குண்டு, கருப்புப் பூச்சும் பயமுறுத்தும் பெயரும் இல்லாமல் வேறு பெட்டியில் வந்தபோது யாரும் கூச்சல் போடவில்லை. டெஃப்லான் பூசிய குண்டு போலீஸ் கவசத்தைத் துளைக்கும் என்று எழுந்த பீதியும் இந்த ரகம்தான். துளைத்தது உள்ளே இருந்த கெட்டி உலோகம், டெஃப்லானோ, துப்பாக்கிக் குழாய் தேயாமல் இருக்கப் பூசியது. உச்சக்கட்டம் 'ஸோம்பி மேக்ஸ்'! பச்சை மூக்கு வைத்து, நடமாடும் பிணங்களைச் சுடுவதற்கு என்று ஹார்னடி விற்ற தோட்டா. விளம்பரம் விளையாட்டு, தோட்டா நிஜம். இளஞ்சிவப்பு மூக்கோடு மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி தரும் தோட்டாவும் உண்டு. இவ்வளவு அமெரிக்கத்தனமாக இருக்கிறதே என்று பார்த்தால், ஃபெடரல், ஸ்பீர், ரெமிங்டன் ஆகிய பெரும் தோட்டாப் பெயர்களை 2024 இறுதியில் வாங்கியிருப்பது ஒரு செக் நாட்டு நிறுவனம்!

சட்டமோ மாநிலத்துக்கு ஒரு வண்ணம். வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது உரிமை என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் ஹெல்லர் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் கைத்துப்பாக்கித் தோட்டாவை 21 வயதுக்குக் கீழானவருக்கு உரிமம் பெற்ற கடைக்காரர் விற்கக் கூடாது. ரைஃபிள் தோட்டா என்றால் 18 போதும். நம் ஆட்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நியூஜெர்சியில் ஹாலோ பாயின்டை வாங்கி நேரே வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம். பையில் போட்டு ஊர் சுற்றினால் வம்பு. சான் பிரான்சிஸ்கோவில் அதை விற்கவே தடை. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2014-ல் அதை ஏற்றது. அரிசோனாவில் 2004-ல் மலைப்பாதையில் தன்னைத் தாக்க வந்தவரைச் சுட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வழக்கில், அவர் 10 மி.மீ. ஹாலோ பாயின்ட் வைத்திருந்ததையே அரசுத் தரப்பு ஜூரிகளிடம் பெரிதாகப் பேசியது. 2006-ல் குற்றவாளி என்று தீர்ப்பு, 2009-ல் ரத்து. இடையில் அவர் சிறையில் இருந்தார். உள்ளூர்ப் போலீஸ் எதை வைத்திருக்கிறதோ அந்த ரகத்தையே வாங்கு, வீட்டில் தானே நிரப்பிய தோட்டா வேண்டாம் என்று அமெரிக்கப் பயிற்சியாளர்கள் சொல்வது இதுபோன்ற நீதிமன்ற அனுபவத்தால்தான். அந்த அறிவுரை எனக்கும் சரியென்றே படுகிறது.

வீடு தீப்பிடித்தால் பெட்டியில் இருக்கும் தோட்டாக்கள் நாலாபுறமும் பாய்ந்து கொல்லும் என்பதும் சினிமாதான், தெரியுமா? துப்பாக்கிக் குழாய்க்கு வெளியே வெடிக்கும் தோட்டாவில் கனமான குண்டு அசையாது. லேசான பித்தளைக் கூடுதான் கிழிந்து தெறிக்கும். தீயணைப்பு வீரரின் உடுப்பே அதைத் தாங்கிவிடும். ஆபத்து, தீயில் கிடக்கும் ஏற்றிவைத்த துப்பாக்கி. அதற்கு ஆள் வேண்டாம், சூடு போதும்.

அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் திருடன் சுட்டோ திருடனைச் சுட்டோ சாகவில்லை, தற்கொலை! ஹாலோ பாயின்டா உருண்டை மூக்கா, 9 மி.மீ.யா .45ஆ என்ற விவாதத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அந்தத் தோட்டாவை எங்கே பூட்டிவைப்பது என்பதற்குச் செலவாவதில்லை என்பது என் வருத்தம். துப்பாக்கியைக் காலியாக வைத்துப் பூட்டு, தோட்டாவை வேறு இடத்தில் வைத்துப் பூட்டு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. அவசரத்துக்கு எடுக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்காக விரல் பட்டால் திறக்கும் பெட்டிகள் அங்கே கடை கடையாகக் கிடைக்கின்றன. இந்தக் கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளோடு டெக்சாஸுக்கோ ஜார்ஜியாவுக்கோ போகிறீர்களா? குழந்தைகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போகும் முன், அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, எங்கே பூட்டியிருக்கிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அங்கே அது தப்பான கேள்வி இல்லை.